தண்ணியம்மா

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. மேசையில் ஒரு விளக்கு, எறும்புத் தலை அளவு திருகாணிகள் கிடக்கும் தட்டு, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் சாணைச் சக்கரம். வட்டமாக வரும் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் கழன்று விழும். குறைவாகத் தேய்த்தால் ஃபிரேம் வெடிக்கும். இரண்டுமே அவளிடம் நடப்பது அபூர்வம். தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றே கூப்பிடுவார்கள்.

கோணலான ஃபிரேமைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்பின் தெரியாதவர்களிடம், "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, காதுக் கம்பியை வளைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவரின் கண்ணாடியையும் அப்படித்தான் கழற்றினாள். அவர் செய்தித்தாள் ஒன்றில் பிழை திருத்துபவர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது பெண்ணா பீரோவா என்று தெரியாது. "கண்ணைப் பிடுங்கி வச்சுக்கிட்டுத்தான் சம்மதம் வாங்கினா" என்று இன்றும் சொல்வார்.

ஐந்து பெண்களில் அவள் நாலாவது. உடுப்பு, சீப்பு, கட்டிலில் பாதி, எல்லாமே யாரோ ஒருத்தியிடமிருந்து வந்து இன்னொருத்திக்குப் போகும். கடைசித் தங்கை அம்மாவின் மடியில் உட்கார்ந்தால் இவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பாள். வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று அக்காக்கள் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. எரிந்தது உண்மைதான்.

கல்யாணமாகி ரொம்பக் காலம் கழித்து மகள் பிறந்தாள். குறைமாதம். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம். பிள்ளையின் முதுகில் காதை வைத்து, எந்தச் சத்தத்துக்கு மருந்து, எந்தச் சத்தத்துக்கு ஆஸ்பத்திரி என்று அவள் பிரித்துத் தெரிந்துகொண்டாள். அது அவளுக்கு மட்டும் தெரிந்த மொழி. பிள்ளையும் அவளை விட்டு இறங்காது. இடுப்பு, தோள், கால், எது கிடைத்தாலும் சரி. அக்கம்பக்கத்தில் கோந்து என்று பேர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பேர். அவளுக்குப் பிடித்திருந்தது. யாரிடமிருந்தும் வராத, யாருக்கும் போகாத ஒன்று ஒருவழியாக அவள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடையில் ஃபிரேம் விற்கும் அக்கா சொல்வாள்: "உன் கோந்து பள்ளிக்கூடம் போற அன்னிக்கு வெந்நீர் ஊத்தித்தான் பேர்க்கணும்."

"நான் ஏன் பேர்க்க விடுறேன்?"

"அதுவும் சரி. நீதான் பசை, அவ காகிதம்."

பிள்ளைக்கு நாலு வயதானபோது மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். "மருந்து அது பாட்டுக்கு நடக்கட்டும், நிறுத்தாதீங்க. கூடவே நீச்சல் கத்துக்குடுங்க. மூச்சை இழுக்க எல்லாருக்கும் தெரியும். இவளுக்கு முழுசா விடத் தெரியணும்."

பத்திரிகை வேலை இரவில். கணவருக்குக் காலை ஓய்வு. அதனால் அவர்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் அவர் சட்டைப் பை கிழிந்து வந்தது. இரண்டாம் நாள் பிள்ளை கத்திய கத்தலில் நீச்சல் குளத்துத் தண்ணீர் கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னார். கண்ணாடிக்காரி பிள்ளையை அணைத்துக்கொண்டு, "வேணாம்டி செல்லம், போக வேணாம்" என்றாள். மூன்றாம் நாள் காலை, பிள்ளை நீச்சல் உடுப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவைத் தட்டியது.

முதலில் அவளிடமிருந்து போனது சாப்பாடு. அதுவரை பிள்ளைக்கு ஊட்டுவது ஒரு ஊர்வலம். ஜன்னலுக்கு ஒரு வாய், மாடிப்படிக்கு ஒரு வாய், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வாய். இப்போது பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தட்டைக் குடு" என்றது. முட்டையைத் தானே பிய்த்துத் தின்றது. இன்னொன்று கேட்டது. உருட்டிய கவளத்தோடு அவள் கை நடுவில் நின்றது. கடைசியில் அதை அவளே வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து தூக்கம். அம்மாவின் காது மடலை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தால்தான் பிள்ளைக்குக் கண் செருகும். மடல் சிவந்துபோய், மறுநாள் கடையில் தோடு உரசினால் வலிக்கும். இப்போது தலையணையில் தலை பட்டதும் தூக்கம். அவள் குனிந்து தன் காதைப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். விரல்கள் அசையவில்லை.

பிறகு மாடிப்படி. ஒரு படிக்கு ஒரு கால் என்று கைப்பிடியைத் தொடாமல் ஏறியது. பிறகு வாய். யாரைக் கண்டாலும் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளை, மாடி வீட்டுக்காரரை வழிமறித்து, "தண்ணிக்கு அடியில இருந்து நான் வளையம் எடுப்பேன். உங்களால முடியுமா?" என்று கேட்டது. விளையாட்டுப் பூங்காவில் சறுக்குமரத்தின் முன்னால் வரிசையில் நின்று, "இன்னும் என் முறை வரலை" என்று அம்மாவுக்கே விளக்கம் சொன்னது.

நெஞ்சின் சீழ்க்கையும் குறைந்துகொண்டு வந்தது.

எல்லாமே நல்லது. யாரிடம் சொன்னாலும் அதிர்ஷ்டம் என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரு சாயங்காலம் தலை வாரிவிடும்போது பிள்ளை சொன்னது: "முடியை இறுக்கமா கட்டு. தண்ணியம்மா சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"தண்ணியம்மா."

சீப்பு நின்றது. "அப்போ நான் யாரு?"

பிள்ளை யோசித்தது. "நீ வீட்டம்மா."

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணியம்மாவா? பேரைக் கேட்டாலே தலை கிர்ருங்குது."

"உங்களுக்கு ஏன் கிர்ருங்காது? தினம் போய்ப் பார்க்கிறீங்களே."

"நான் எங்க பார்த்தேன்? கண்ணாடி முழுக்க ஆவி. நீலமா ஒண்ணு தெரியும், அதுக்கு நடுவுல தொப்பி ஒண்ணு தெரியும்."

"குரல் கேட்டிருப்பீங்க."

"அது தெருவுக்கே கேட்கும்."

மறுநாள் கடையில், சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஃபிரேம் அக்காவிடம் சொன்னாள். அக்கா வாய்நிறையச் சிரித்தாள். "ஒண்ணுக்கு ரெண்டு அம்மா! குடுத்துவச்ச பிள்ளை. எங்க வீட்டுல ஒரு அம்மாவுக்கே பஞ்சம்." அன்று கண்ணாடிக்காரி ஒரு லென்ஸை அதிகமாகத் தேய்த்துவிட்டாள். அது ஃபிரேமுக்குள் லொடலொடவென்று ஆடியது.

ஒரு காலையில் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு அவளே பிள்ளையோடு போனாள். தகரக் கூரைக்குக் கீழே சின்னக் குளம். குளோரின் வாசனை மூக்கைப் பிடித்தது. பெற்றோருக்கு ஒரு நீளப் பலகை. பல வீட்டுத் துண்டுகள் கம்பியில் தொங்கின. ஓரத்தில் உயிர்காப்பவர் ஒருவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீச்சல் டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ரப்பர் தொப்பி, கறுத்து மின்னும் தோள்கள். அவ்வளவு பெரிய குரலை அந்தச் சின்ன உடம்பு எங்கே வைத்திருந்தது என்று தெரியவில்லை.

பிள்ளை அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி, கரையில் உட்கார்ந்து, அந்தக் கைகளுக்குள் வழுக்கி இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

"குமிழி விடு."

பிள்ளை முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி குமிழியாக விட்டது. நீளமாக, விட்டுக்கொண்டே இருந்தது. பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடியாத பிள்ளை.

"மல்லாக்கப் படு. கையை விடு."

பிள்ளை குளத்தோரக் கைப்பிடிக் கம்பியிலிருந்து கையை எடுத்தது. முதுகுக்குக் கீழே டீச்சரின் உள்ளங்கை இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் டீச்சர் எடுத்துவிட்டாள். பிள்ளை யாரும் பிடிக்காமல் கிடந்தது, கூரையைப் பார்த்துக்கொண்டு.

கண்ணாடிக்காரி எழுந்து நின்று கூப்பிட்டாள். பிள்ளையின் காது தண்ணீருக்குள் இருந்தது.

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்காரி சிரித்து வைத்தாள். டீச்சர் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தலைகூட அசைக்கவில்லை. அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "திமிர் பிடிச்சவ. பெத்தவ உட்கார்ந்திருக்கேன், ஒரு சிரிப்பு கிடையாது. எப்பப் பாரு விடு, விடு. என் பிள்ளைக்குக் கைவிடுறதுக்கா பாடம் நடத்துறா?"

"கையை விடுன்னுதானே சொல்லியிருப்பாங்க? கைவிடுன்னு சொல்லலையே. நடுவுல ஒரு ஐ இருக்கு."

"உங்க எழுத்துப்பிழையை உங்க ஆபீசுல வச்சுக்கோங்க."

அந்த வாரமே குளத்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பிள்ளைக்குக் காதில் சீழ், தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனிமேல் வர முடியாது என்றாள். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். பிழை கண்ணில் பட்டது முகத்தில் தெரிந்தது. திருத்தவில்லை. பிறகு மெதுவாக, "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டார். "நாளைக்கு யாராவது கேட்டா ஒரே காதாச் சொல்லணும்ல?"

முதலில் பிள்ளை அழுதது. பிறகு கேட்பதை நிறுத்தியது. குப்புற ஒரு முக்காலியின் மேல் படுத்து இரண்டு காலையும் காற்றில் உதைத்துக்கொண்டிருக்கும். என்னடி செய்கிறாய் என்றால், "போயிட்டிருக்கேன்" என்று சொல்லும். பின் அந்த உதையும் குறைந்தது. மெல்ல மெல்ல எல்லாம் திரும்பி வந்தன. சாப்பாட்டு ஊர்வலம் வந்தது. மாடிப்படியில் கையை நீட்டித் தூக்கச் சொல்வது வந்தது. காது மடலுக்கு விரல் வந்தது. கண்ணாடிக்காரி இடுப்பில் பிள்ளையோடு கடைத்தெருவுக்குப் போனாள். "என்ன, கோந்து மறுபடியும் ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டவர்களுக்குச் சிரித்துப் பதில் சொன்னாள்.

மழைக்காற்று வீசிய ஒரு மத்தியானம், மடியில் படுத்திருந்த பிள்ளையின் நெஞ்சில் பழைய சீழ்க்கை கேட்டது. அவளுக்கு அது பழகிய குரல். ஒரு நொடி, வீட்டுக்கு வந்த சொந்தக்காரரை வரவேற்பதுபோல அவள் மனம் அதை வா என்றது. அடுத்த நொடி பிள்ளையை மடியிலிருந்து இறக்கினாள். மருந்தை எடுக்க ஓடினாள். அவசரத்தில் புட்டியின் மூடி கீழே உருண்டது. என்ன பெண் நான் என்று நினைத்தாள். ஆனாலும் மறுநாள் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பவில்லை. ஒரு வாய் வார்த்தையில் முடியும் காரியம். அந்த வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால், தோள்வரை நரைகலந்த முடி, நைந்த பருத்தி உடுப்பு, மூக்கில் தடித்த கண்ணாடி, கையில் ஒரு சின்னப் பொட்டலம். யாரென்று தெரியவில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்தது.

"நீச்சல் டீச்சர்ங்க. பிள்ளைக்குக் காது சரியில்லன்னு ஆபீசுல சொன்னாங்க. இந்தப் பக்கம் வந்தேன். காதுல வைக்கிற அடைப்பான் இருக்கு, சின்னப் பிள்ளைங்க சைசு. டாக்டர்கிட்ட காட்டி, வைக்கலாம்னு சொன்னா வச்சு அனுப்புங்க."

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிள்ளை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றது. டீச்சர் உட்கார்ந்தபடியே குனிந்து, "வாங்க மேடம்" என்று கையை நீட்டினாள். பிள்ளை முகத்தை அம்மாவின் தொடையில் புதைத்துக்கொண்டது.

"யாருன்னு தெரியலையாடி?" என்றாள் கண்ணாடிக்காரி.

பிள்ளை தலையாட்டியது. தெரியவில்லை.

அப்படி ஒரு இனிப்பை அவள் நாக்கு அதுவரை கண்டதில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "புது ஆளுங்கன்னா இவளுக்குக் கொஞ்சம் பயம்" என்றாள்.

நீட்டிய கையை டீச்சர் மடியில் வைத்துக்கொண்டாள். "பரவால்லைங்க. கரையில என்னை எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்காது. கடைவீதியில பார்த்தா அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். தண்ணியில என் கழுத்தை நெரிக்கிற பிள்ளைங்கதான்." சிரித்தாள். சிரிப்பு சரியாக உட்காரவில்லை. "நானும் அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றி வச்சுட்டு இறங்கினா, கை நீளத்துக்கு அப்பால எல்லாம் புகை. பலகையில உட்கார்ந்திருக்கிறவங்க முகம் ஒண்ணும் தெரியாது. சிரிக்காமப் போறான்னு எத்தனை பேர் திட்டுறாங்களோ."

கணவர் விட்டத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். லென்ஸின் ஓரத்தில் கன்னக்கோடு உள்ளே தள்ளித் தெரிந்தது. பவர் மைனஸ் நாலு, நாலரை இருக்கும். இடது லென்ஸில் கீறல். வலது காதுக் கம்பி இளகி, ஃபிரேம் முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இதைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் நடமாடுகிறாள்?

"ஒரு நிமிஷம் குடுங்க" என்றாள். சொல்வதற்குள் கை போய்விட்டது. கண்ணாடியை அந்த முகத்திலிருந்து கழற்றினாள்.

காலைக் கட்டியிருந்த கைகள் விட்டன.

"தண்ணியம்மா!"

பிள்ளை பாய்ந்து டீச்சரின் மடியில் ஏறியது. இரண்டு கன்னத்தையும் பிடித்து, மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தது. "உங்களுக்கு முடி இருக்கா!" என்று கத்தியது.

கண்ணாடிக்காரி கையில் கண்ணாடியோடு நின்றாள். அதை வேறு யாரும் கழற்றவில்லை. அவளேதான் கழற்றினாள். திருகாணியை நகத்தால் திருகினாள். கம்பியை உள்ளங்கைச் சூட்டில் வைத்து வளைத்தாள். ஒரு தடவையில் முடிகிற வேலை. மூன்று தடவை செய்தாள்.

டீச்சர் கண்ணைச் சுருக்கி, பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி ஒரு கணம் ஏந்தினாள். "இளைச்சுட்டாளே" என்றாள். முதுகில் உள்ளங்கையை வைத்தாள். "மூச்சும் திரும்ப மேலயே நிக்குது. மேடம், குமிழி விடுங்க பார்க்கலாம்."

பிள்ளை உதட்டைக் குவித்து ஊதியது. பாதியில் சீழ்க்கை கேட்டது. இருமல் வந்தது. அந்தச் சத்தம் இனிமேல் இரண்டு பேருக்குத் தெரியும் என்று கண்ணாடிக்காரிக்குத் தோன்றியது. அதுவும் எரிந்தது. ஆனால் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது.

"எந்தக் காதுங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

பிள்ளை இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தது. "எந்தக் காதும்மா?" என்று அம்மாவைக் கேட்டது.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் அவள் நின்ற திசையைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரி ஃபிரேமைத் துணியால் துடைத்தாள். அருகே போய், டீச்சரின் மூக்கில் வைத்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் கம்பியைச் செருகினாள். நேராக உட்கார்ந்தது.

"காது சரியாப்போச்சு. நாளையிலருந்து அனுப்பலாம்னு சொல்லிட்டார்."

"யாரு?" என்றார் கணவர்.

"டாக்டர்."

"ஓ," என்றார். "நல்ல டாக்டர்."

டீச்சர் இப்போது அவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோல இருந்தது. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீங்களே ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றாள். "உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு."

கடையில் கேட்டு, காலை நேரத்தை மாற்றிக்கொண்டு அவள் போகத் தொடங்கினாள். பலகையில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பிள்ளையின் மூச்சு கீழே இறங்கி நீளமானது. டீச்சர் சொன்ன வேலை என்னவென்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டீச்சரே ஒருநாள் தண்ணீரிலிருந்து உரக்கக் கூப்பிட்டாள்.

"கண்ணாடி அம்மா! எந்திரிச்சு எதிர்க்கரைக்குப் போங்க. இன்னிக்கு இவ குறுக்கே வரப்போறா. பார்த்து வர எதிர்ல ஒரு ஆள் வேணும்."

அவள் சுற்றிக்கொண்டு போய் எதிர்க்கரையில் நின்றாள். ஈரத் தரையில் மண்டியிட்டாள்.

"நிக்கிறீங்களா? கையை ஆட்டுங்க. எனக்குப் புகையாத்தான் தெரியும்."

கையை ஆட்டினாள்.

"மேடம், அதோ அம்மா. விடு."

பிள்ளை டீச்சரின் தோளை விட்டது. கால்கள் நுரையைக் கிளப்பின. முகம் தண்ணீருக்குள் போனது, குமிழிகள் வந்தன, முகம் பக்கவாட்டில் திரும்பியது, வாய் திறந்தது, மூடியது. நடுக் குளத்தில் ஒரு தடவை திசை தவறிக் கோணியது. கண்ணாடிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை விட்டது. திரும்பவும் நேரானது. அவளைப் பார்த்து வந்தது. அவளை மட்டும்.

அவள் இரண்டு கையையும் தண்ணீருக்குமேல் நீட்டினாள். பிள்ளை அந்தக் கைகளுக்குக் கீழே நுழைந்து கரைச்சுவரைத் தொட்டது. தலையைத் தூக்கி, பூ என்று மூச்சை விட்டது. கண்ணாடிக்காரி குனிந்து கேட்டாள். சீழ்க்கை இல்லை. தண்ணீர் மட்டும் மூக்கிலிருந்து வழிந்தது.

"வந்துட்டியாடி தங்கம்! வா, வா."

"அம்மா, கையை எடு" என்றது பிள்ளை. "உதைச்சுக் கிளம்பணும்."

அவள் கையை எடுத்தாள். பிள்ளை இரண்டு காலையும் சுவரில் ஊன்றி, ஒரு உந்து உந்தித் திரும்பிப் போனது. தெறித்த தண்ணீர் அவள் முகத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் தண்ணியம்மா கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

வயிறு எரிந்தது. பிள்ளை போய்ச் சேரும்வரை அவள் இமைக்காமல் பார்த்தாள். சேர்ந்ததும் எழுந்து, கையை வாயருகே குவித்துக்கொண்டு, தகரக் கூரை அதிரக் கத்தினாள்.

"இன்னொரு தடவை வா!"